மூச்சு முட்டும் இரவுகள்: யாழ்ப்பாணத்தில் அன்றும் இன்றும்

இரவு ஒரு மணி, இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழும்பும் முதியவரை யாழ்ப்பாணத்து வீடுகள் தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரித்தான் பார்த்து வந்தன. கட்டிலிலிருந்து மெல்லத் தூக்கி, விறாந்தையில் கிடக்கும் சாய்மனைக் கதிரையில் இருத்துவார்கள். ஒருவர் பனையோலை விசிறியால் வீசுவார். இன்னொருவர் நெஞ்சிலும் முதுகிலும் தைலம் பூசுவார். குசினியில் கொத்தமல்லி அவியும். விடியும்வரை முறை வைத்து விழித்திருப்பார்கள். அடுத்த நாள் யாரும் விசாரித்தால், "இரவு முழுக்கத் தொய்வு இழுத்தது" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

பலருக்கு அது தொய்வேதான். ஆனால் ஒரு பகுதியினருக்கு வருத்தம் சுவாசப்பையில் தொடங்கவில்லை, இதயத்தில் தொடங்கியது. அதற்கான அடையாளங்களும் கண்முன்னேதான் இருந்தன. பின்னேரமானால் கணுக்கால் வீங்கும், விரலால் அமத்தினால் குழி விழும். மட்டமாகப் படுத்தால் இருமல் வரும், எழும்பி இருந்தால் கொஞ்ச நேரத்தில் ஆறும். முற்றத்தைக் கடந்து கிணற்றடிக்குப் போய் வரவே களைக்கும். இவற்றையெல்லாம் "வயது போயிட்டுது" என்ற ஒரே கணக்கில் எழுதிவிட்டோம்.

இன்னொரு காட்சியும் உண்டு. நித்திரையில் மூச்சு மெல்ல மெல்லப் பெரிதாகும். பிறகு படிப்படியாகச் சிறுத்து, அடியோடு நிற்கும். அரை நிமிடம் வரை சத்தமே இருக்காது. பிறகு பழையபடி தொடங்கும். இதைக் கண்ட மூத்தவர்கள் சேடம் இழுக்கத் தொடங்கிவிட்டது என்று முடிவு கட்டி, தூரத்துப் பிள்ளைகளுக்கு ஆள் அனுப்புவார்கள். வந்து சேர்ந்த பிள்ளைகளோடு அடுத்த நாள் காலை அப்பு இருந்து தேத்தண்ணி குடிப்பதும் உண்டு. அது சாவின் மூச்சு அல்ல, களைத்துப்போன இதயத்தின் மூச்சு என்பதைச் சொல்ல அன்று ஊரில் ஆள் இருக்கவில்லை.

மானிப்பாய் நாட்கள்

உலகமும் இந்த விடயத்தில் அப்போதுதான் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தது. நின்று நின்று வரும் இந்த மூச்சை டப்ளின் நகரத்து வைத்தியர் ஜோன் செயின் 1818இல் ஒரு நோயாளியில் கண்டு எழுதினார். அதே நகரத்தின் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இல் இதய நோய்கள் பற்றிய தன் நூலில் அதை விரிவாக்கினார். இன்றைக்கும் அதற்குச் செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு என்றே பெயர்.

ஸ்டோக்ஸ் அந்த நூலை எழுதிய காலத்தில் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் நோயாளர் பார்த்துக்கொண்டிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர் அவர். அறுபதுக்கு மேற்பட்ட உள்ளூர் இளைஞரை வைத்தியராக்கினார். பிற்பகுதியில் வகுப்பையே தமிழில் நடத்தினார். 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' போன்ற மேலைத்தேய வைத்திய நூல்கள் 1870களிலேயே தமிழில் அச்சாகின என்றால் அது அவராலும் அவருடைய மாணவராலும்தான். பட்டினத்தில் அரசாங்க அதிபர் டைக் காலத்தில் 1850இல் தொடங்கிய ஆஸ்பத்திரியே இன்றைய யாழ் போதனா வைத்தியசாலையின் வேர். மறுபக்கத்தில் பரராசசேகரம் போன்ற நூல்களைக் கைக்கொண்ட பரம்பரை வைத்தியர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

ஆனால் இதயம் தளர்ந்து நீர் கோத்தவருக்கு லண்டனிலும் மானிப்பாயிலும் கொடுக்க அன்று அதிகம் இருக்கவில்லை. 1785இல் வில்லியம் விதரிங் எழுதி வைத்த டிஜிட்டாலிஸ் இலை, இரத்தம் வாங்குதல், பாதரச மருந்து, பிற்காலத்தில் மோர்பின் ஊசி, அவ்வளவே. இந்த வரிசையில் நம் சாய்மனைக் கதிரை ஒன்றும் குறைந்ததல்ல. நிமிர்ந்து இருந்தால் கால் பக்கத்து இரத்தம் கீழேயே தங்கும். இதயத்துக்குத் திரும்பி வரும் சுமை குறையும். சுவாசப்பையில் தேங்கும் நீரும் குறையும். காரணம் தெரியாமலே ஊர் சரியானதைச் செய்தது. இன்றும் முதலுதவி அதுதான்.

விளக்கில்லாத ஆண்டுகள்

படுக்கையிலிருந்து நோயாளியை எழுப்பிவிட்ட மருந்து 1960களின் நடுப்பகுதியில் வந்த ஃபுரோசமைட். ஊசியாகப் போட்டால் அரை மணித்தியாலத்துக்குள் சலம் போய், மூச்சு இறங்கும். 1978இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது. உலகத்தோடு சேர்ந்து நடக்க நாமும் ஆயத்தமானோம்.

பிறகு யுத்தம். 1990 நடுப்பகுதியில் சண்டை மறுபடி மூண்டபோது குடாநாட்டின் கறண்ட் அறுந்தது, ஏ9 பாதை மூடுண்டது, மண்ணெண்ணெய்யும் மருந்தும் தடைப்பட்டியலுக்குள் போயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்ச மண்ணெண்ணெய், ஒரு துண்டுப் பஞ்சு, ஒரு திரி: அந்த வெளிச்சத்தில்தான் மூச்சு முட்டியவரின் முகத்தைப் பார்த்தார்கள். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் சைக்கிள் கரியர். ஷெல் அடிக்கும் இரவென்றால் அதுவும் இல்லை. மேல் சிகிச்சைக்குக் கொழும்பு என்றால் கிளாலிக் கடலேரியை இருட்டில் படகில் கடக்க வேண்டும். சுகதேகிகளே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போன பாதை அது. இதய நோயாளியை அதில் கொண்டுபோக எந்தப் பிள்ளைக்கு மனம் வரும்?

உலக மருத்துவத்தில் இந்த இதயத் தளர்வுக்கு, அதாவது இதயச் செயலிழப்புக்கு, விடிவு பிறந்ததும் சரியாக அந்த ஆண்டுகளில்தான். 1987இல் எனலாப்ரில், 1999இல் ஸ்பைரோனோலாக்டோனும் பீட்டா தடுப்பு மருந்துகளும் ஆயுளைக் கூட்டுகின்றன என்று பெரிய ஆய்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டின. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாம் மெழுகுதிரிக்கும் பனடோலுக்கும் அலைந்துகொண்டிருந்தோம்.

கிளினிக்கில் ஒரு கேள்வி

இன்று நிலைமை வேறு. யாழ் போதனா வைத்தியசாலையில் இதய சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. எக்கோ செய்து இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்று வீதக் கணக்கில் சொல்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குளிசைக்குக் காசு இல்லை. 2014க்குப் பிறகு சகுபிட்ரில்-வல்சார்டன், 2019க்குப் பிறகு நீரிழிவுக்கென்று வந்து இதயத்துக்கும் உதவும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று பட்டியல் நீண்டிருக்கிறது. நள்ளிரவில் மூச்சு முட்டினால் 1990ஐ அழைக்கலாம். அந்த அம்புலன்ஸ் சேவை வடக்குக்கு விரிந்தது 2018 யூலையில். எல்லாம் அறுந்துபோன ஆண்டின் இலக்கமே இன்று உதவிக்கு அழைக்கும் இலக்கமாக இருப்பது தற்செயல்தான். இருந்தாலும் யாழ்ப்பாணத்தவர் அதை அழுத்தும்போது ஒருகணம் நினைக்காமல் இருக்க முடியாது.

ஆனாலும் இதய கிளினிக்கில் கண்டுபிடிப்புத் தொடங்குவது மெசினில் அல்ல. பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். நோயாளி கதிரையில் பேசாமல் இருப்பார்; பதில் சொல்வது மனைவி.

"ஐயா எத்தனை தலகணி வைச்சுப் படுக்கிறவர், அம்மா?"

"முந்தி ஒண்டு, டொக்டர். இப்ப மூண்டு. போன கிழமை ரெண்டு இரவு கதிரையிலைதான் இருந்தவர்."

"நித்திரையிலை மூச்சு நிண்டு நிண்டு வாறதோ?"

"ஓம். குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பார், திடீரெண்டு சத்தமே இராது. நான் தட்டி எழுப்ப வெளிக்கிட, திரும்பப் பெரிய மூச்சா எடுப்பார்."

"சலக் குளிசை ஒழுங்காப் போடுறவரோ?"

"கிளினிக் வாற நாளிலை போடமாட்டார். பஸ்ஸிலை கரைச்சல் எண்டு."

மூன்று பதிலில் பாதி நோய் பிடிபட்டுவிடுகிறது. கடைசிப் பதில் இன்னும் முக்கியம். கிளினிக் நாள், கலியாண வீடு, நல்லூர்த் திருவிழா என்று குளிசையைத் தள்ளிப்போட ஒரு சாட்டு எப்போதும் இருக்கும். அந்த இரவில்தான் மூச்சு முட்டும். விட்டுவிடாமல் அந்த நாளுக்கு மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டால் வைத்தியர் வழி சொல்வார். அடுத்தது உப்பு. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் இல்லாமல் நமக்குச் சோறு இறங்காது. ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் போட்ட எல்லை. பலவீனமான இதயம் உள்ளவர் அதைத் தாண்டினால் அன்றிரவே தெரியும்.

இரண்டு வகைத் தடை

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு, சில ஆய்வுகளில் அதற்கும் மேலாக, நித்திரையில் மூச்சு ஒழுங்கு தவறுகிறது. அது இரண்டு வகை. ஒன்றில் தொண்டை அடைபடுகிறது: நெஞ்சு மூச்செடுக்க முயலும், காற்று உள்ளே போகாது, பெரிய குறட்டை வரும். மற்றதில் தொண்டை திறந்தே இருக்கும், மூச்செடுக்கும்படி மூளை கட்டளை அனுப்பாது. செயின்-ஸ்டோக்ஸ் மூச்சு இந்த இரண்டாவது வகை. ஒரே ஆளுக்கு ஒரே இரவில் இரண்டும் கலந்து வருவதுண்டு.

இரண்டாவது வகை ஏன் வருகிறது என்பதற்குத் தோட்டத்தில் ஒரு விளக்கம் உண்டு. துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணற்றடியில் நிற்பவரும், தூரத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணி மாறுபவரும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் வேலை செய்தார்கள். 'போதும்' என்ற குரல் பிந்தினால் பாத்தி உடைக்கும். 'இறை' என்ற குரல் பிந்தினால் கன்று வாடும். உடம்பில் அந்தக் குரல், இரத்தத்தில் உள்ள காபனீரொட்சைட்டின் அளவு. இதயம் சோர்ந்தால் இரத்தம் மெதுவாக ஓடும், செய்தி மூளைக்குப் பிந்திச் சேரும். சுவாசப்பையில் தேங்கிய நீரும் உறுத்த, மூளை தேவைக்கு மேலாக மூச்செடுக்க வைக்கிறது. காபனீரொட்சைட்டு மிகக் குறைய, மூச்சையே நிறுத்துகிறது. அது கூடின செய்தி பிந்தி வர, மறுபடி தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நிமிடம். இரவு முழுக்க இதுதான் நடக்கும்.

முதலாவது வகையிலும் நீருக்குப் பங்கு உண்டு. பகல் முழுக்கக் காலில் இறங்கிய வீக்கம், படுத்ததும் மேலே ஏறிக் கழுத்தைச் சுற்றி நிற்கிறது, தொண்டை ஒடுங்குகிறது. இதை விரிவாக ஆராய்ந்தவர்கள் டொரொன்டோ பல்கலைக்கழகத்து டக்ளஸ் பிராட்லி குழுவினர். ஆகவே, எந்த வகையானாலும் முதல் வைத்தியம் இதயத்துக்கும் நீருக்கும்தான். குளிசைகள் ஒழுங்காக அமைந்தாலே பலருக்கு இரவு மூச்சு சீராகிறது. மெசினைப் பற்றிய கதை அதற்குப் பிறகு.

மெசினின் கதை

மூக்கில் மாஸ்க் போட்டு, மெல்லிய காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைத்திருக்கும் சி-பாப் முறையை 1981இல் அவுஸ்திரேலியாவின் சிட்னியில் கொலின் சலிவன் வெளியிட்டார். தொண்டை அடைபடும் வகைக்கு இன்றும் அதுதான் பிரதான சிகிச்சை. குறட்டை நிற்கும், பகல் தூக்கம் போகும், பிரஷர் ஓரளவு இறங்கும். ஆனால் ஆயுளைக் கூட்டுமா? இதய, மூளை இரத்தக்குழாய் நோய் உள்ள 2,717 பேரை வைத்து நடந்த சேவ் ஆய்வு 2016இல் வெளிவந்தது. நன்றாக நித்திரை கொண்டார்கள், மனம் தெளிந்தது. மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை.

மூளை கட்டளை தவறும் வகைக்கு அதே மெசினை வைத்துக் கனடாவில் 258 இதய நோயாளரிடம் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவு: மூச்சு ஓரளவு சீரானது, உயிர் காக்கப்படவில்லை. பிறகு இன்னும் கெட்டித்தனமான மெசின் வந்தது. ஏஎஸ்வி என்று பெயர். ஒவ்வொரு மூச்சையும் கணித்து, குறையும்போது கூட்டியும் கூடும்போது குறைத்தும் கொடுக்கும். மூச்சுக் கோடு ஒரே சீராகும். எல்லோரும் இதுதான் மருந்து என்று நம்பினார்கள்.

2015இல் சேர்வ்-எச்எஃப் ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. இதயத்தின் தள்ளும் வீதம் 45க்கு மேற்படாத 1,325 பேர் அதில் சேர்ந்தார்கள். மெசின் போட்டவர்களில் இதய, இரத்தக்குழாய்க் காரணங்களால் இறந்தவர் 29.9 வீதம், போடாதவர்களில் 24 வீதம். மூச்சு அழகாகச் சீரானது, ஆட்கள் கூடுதலாக இறந்தார்கள். காரணம் இன்னும் விவாதத்தில் இருக்கிறது. நின்று நின்று வரும் மூச்சு களைத்த இதயத்துக்கு உடம்பே கொடுக்கும் ஓய்வோ என்று கேட்பவர்களும் உண்டு. 2024இல் வெளிவந்த அட்வென்ட்-எச்எஃப் ஆய்வில், 731 பேரில், வேறொரு ஏஎஸ்வி மெசின் தீங்கு செய்யவில்லை. நித்திரையின் தரம் கூடியது. ஆனால் உயிர்காக்கும் பயனும் தெரியவில்லை. நெஞ்சுக்குள் நரம்பைத் தூண்டி மூச்செடுக்க வைக்கும் சிறு கருவிக்கு அமெரிக்கா 2017இல் அனுமதி கொடுத்தது. நமக்கு அது இன்னும் தூரத்துக் கதை.

பெட்டியில் வரும் மெசின்

இந்தக் கதை யாழ்ப்பாணத்துக்கு ஏன் வேண்டும் என்றால், மெசின் இங்கே மருந்துச் சீட்டில் வருவதைவிடச் சொந்தக்காரரின் பெட்டியில் வருவது சுலபம். டொரொன்டோவில் ஆராய்ச்சியும் நடக்கிறது, நம் சனமும் இருக்கிறது. அங்கே பெரியப்பா பாவித்தது, அவர் புதுசு மாற்றினார், பழையது சும்மா கிடக்கிறது, அப்பாவுக்கு அனுப்புவோம் என்ற எண்ணம் அன்பில் பிறப்பதுதான். ஆனால் அதற்கு முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

அது சி-பாப்பா, ஏஎஸ்வியா? அப்பாவின் எக்கோ என்ன சொல்கிறது? தள்ளும் வீதம் குறைந்தவருக்கு, மூளை கட்டளை தவறும் வகை இருக்கும்போது, ஏஎஸ்வி ஆபத்தாகலாம். அழுத்தம் யாருக்குக் கணித்தது? ஒருவரின் அழுத்தம் இன்னொருவருக்குப் பொருந்தாது. 2021 யூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் நுரைப்பஞ்சு உதிர்கிறது என்று தன் மெசின்களைப் பெருந்தொகையில் திரும்ப அழைத்தது. அட்வென்ட் ஆய்வே அதனால்தான் முன்கூட்டி நின்றது. பழைய மெசின் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று தொடரிலக்கத்தை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இவற்றைக் கடந்து வந்தாலும் ஊர் தன் பங்குக்குச் சோதிக்கும். ஈரப்பதன் தொட்டிக்குள் நம் கிணற்றுத் தண்ணியை விட்டால், கேத்திலில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு சில கிழமையில் அடியில் படியும். வடித்த நீர்தான் விட வேண்டும். புழுதிக் காலத்தில் வடிகட்டியை அடிக்கடி மாற்ற வேண்டும். கனடாப் பிளக் நம் சுவருக்குப் பொருந்தாது. 2022 மார்ச் முடிவில் நாடு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை இருட்டில் கிடந்தது. கறண்டில் தங்கியிருக்கும் மூச்சுக்குப் பற்றரி ஒன்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும் என்பதை அப்போது படித்தோம்.

மாறாதது, மாறியது

மருந்தும் மெசினும் அம்புலன்ஸும் வந்திருக்கின்றன. போனது வேறொன்று. முன்பு ஒரு வீட்டில் எட்டுப் பேர் படுத்தார்கள். அப்புவின் குறட்டை நின்றால் அடுத்த அறையில் ஒருவர் எழும்புவார். இன்று பெரிய கல்வீடு, கேற்றுக்குப் பூட்டு, உள்ளே ஒரு முதியவர். பிள்ளைகள் ஸ்காபரோவிலும் ஹரோவிலும் ஒஸ்லோவிலும். அன்று மருந்து இருக்கவில்லை, மூச்சைக் கேட்க ஆள் இருந்தது. இன்று மருந்து இருக்கிறது, கேட்க ஆள் இல்லை. நித்திரையில் மூச்சு நிற்பது நித்திரை கொள்பவருக்குத் தெரியாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னால்தான் வைத்தியருக்குத் தெரியும். கிளினிக்கில் "ஒரு குறையும் இல்லை, டொக்டர்" என்று அப்பா சொல்வது பொய் அல்ல. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஆகவே, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மெசின் அனுப்ப முதல், இதய வருத்தம் உள்ள அப்பா, அம்மாவின் பக்கத்து அறையில் இரவில் ஒருவர் படுக்க ஒழுங்கு செய்யுங்கள். கூலிக்கு ஆள் என்றாலும் பரவாயில்லை. அவர் இரண்டு இரவு போனில் மூச்சைப் பதிவு செய்து கொடுத்தால் வைத்தியருக்கு அது பெரிய உதவி. தொலைபேசியில் பேசும்போது சாப்பாட்டைக் கேட்பதோடு இவற்றையும் கேளுங்கள்: படுக்கும்போது தலையணை கூடுகிறதா, கால் வீங்குகிறதா, காலை நிறை மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியதா, சலக் குளிசை போட்டாரா, நித்திரைக் குளிசையோ சாராயமோ தொடுகிறாரா. சலக் குளிசைக்கு 'இல்லை' வந்தாலும், மற்றவற்றில் ஒன்றுக்கு 'ஓம்' வந்தாலும், அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் காத்திருக்க வேண்டாம். படுக்கவே முடியாமல் மூச்சு முட்டினால், நுரையோடு சளி வந்தால், நிமிர்த்தி இருத்திவிட்டு 1990ஐ அழைக்கச் சொல்லுங்கள்.